சுகர் என்று பெயர் வைத்த நோய்

எனக்கு வாய் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி விளங்காது. கேரளத்தின் தெற்கு எல்லையில் இருக்கிற கொல்லயிலுக்கு மருமகளாக வந்த முதல் வருஷமே மீன்காரியிலிருந்து பால் ஊற்றுகிறவர் வரை எல்லோருக்கும் அது தெரிந்துபோயிற்று. என் கணவரின் அம்மாவுக்கும் வாய் ஒன்றும் குறைச்சல் இல்லை. அவரை நான் மாமி என்று கூப்பிடுவேன். காலையில் தேங்காய் துருவும்போது எங்களுக்குள் ஏதாவது ஒன்று தொடங்கும். சாயங்காலம் என் கணவர் திருவனந்தபுரத்து ஆபீஸிலிருந்து பாசஞ்சர் ரயிலில் பாறசாலை வந்து இறங்கி, சைக்கிள் மிதித்து வீடு சேரும்வரை அது ஓடும். அவர் வந்ததும் நாங்கள் இருவரும் ஒன்றாகச் சேர்ந்து அவரைத் திட்டுவோம். நல்ல வீடுதான் அது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் என் வாய் அடைத்துப்போயிற்று.

என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றும் நடக்கவில்லை. யாரும் சாகவில்லை. வீட்டில் பட்டினி இல்லை. கணவர் குடிக்கிறவரும் அல்ல, கை நீட்டுகிறவரும் அல்ல. மூத்த மகள் இரண்டாம் வகுப்பில் படித்தாள், இளையவள் அங்கன்வாடிக்குப் போனாள். இரண்டும் நோய்நொடி இல்லாத பிள்ளைகள். இருந்தும் விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும், விழித்த உடனே நெஞ்சில் ஒரு கனம் ஏறி உட்காரும். அடுப்பில் சோறு பொங்கி வழியும். தீயைத் தணிக்கவேண்டும் என்று தெரியும், ஆனால் கை போகாது. பிள்ளைகள் 'அம்மா' என்று கூப்பிட்டால், அடுத்த வீட்டில் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் இருக்கும். குளிப்பதற்குக் கிணற்றடிவரை நடப்பது மலை ஏறுகிற வேலையாகிவிட்டது. சோம்பல் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்து என்னையே கரித்துக்கொட்டினேன். திட்டத் திட்ட இன்னும் கீழே போனேன்.

இதில் கொடுமை என்னவென்றால் ஊர் என்னைப் புகழ ஆரம்பித்தது. எதிர்த்துப் பேசாத, தலை நிமிராத, கூப்பிட்டால் மட்டும் வருகிற மருமகளைக் கண்டு, இவளுக்கு இப்போதுதான் பக்குவம் வந்திருக்கிறது என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் மாமியிடமே சொன்னார்கள். மாமியோ சண்டைக்கு ஆள் கிடைக்காமல் கோழிகளைத் திட்டிக்கொண்டு திரிந்தார்.

கணவர் கவனித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் கொல்லைப்புறத்தில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பூனை வந்து சட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போகிறது, நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். அவர் ஓடிவந்து பூனையை விரட்டிவிட்டு, என்ன ஆயிற்று உனக்கு என்று கேட்டார். "நான் இல்லேண்ணா உங்களுக்கெல்லாம் கொள்ளாம்" என்று சொன்னேன். கொள்ளாம் என்றால் எங்கள் பக்கத்தில் நல்லது என்று அர்த்தம். அழுது சொல்லவில்லை. மீன் நன்றாக இல்லை என்று சொல்கிற குரலில் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

அவர் நல்லவர், ஆனால் பயந்தவர். திருவனந்தபுரத்தில் மனசு நோய்க்குப் பெரிய ஆஸ்பத்திரி உண்டு. தினமும் அவர் போய்வருகிற ஊர்தான். ஆனால் அந்த ஆஸ்பத்திரி இருக்கிற இடத்தின் பெயரே எங்கள் பக்கத்தில் ஒரு வசவு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட ஒருவரையொருவர் அங்கே அனுப்பவேண்டும் என்று கேலி செய்யும். அங்கே போனால் பாறசாலை ரயிலில் வருகிற எவனாவது ஒருவன் பார்த்துவிடுவான், மறுநாள் கொல்லயில் முழுக்கப் பேச்சாகிவிடும். அதனால் ஆபீஸில் யாரிடமோ ரகசியமாக விசாரித்து, நாகர்கோவிலில் ஒரு டாக்டர் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு வந்தார். களியக்காவிளை செக்போஸ்டைத் தாண்டிவிட்டால் வேறு மாநிலம், நம்மை யாருக்கும் தெரியாது என்பது அவர் கணக்கு. வீட்டில் துணி எடுக்கப் போகிறோம் என்று சொன்னோம். துணிக்கும் காய்கறிக்கும் அந்தப் பக்கம் போவது எங்கள் ஊரில் எல்லோருக்கும் வழக்கம் என்பதால் மாமி ஒன்றும் கேட்கவில்லை.

டாக்டர் வீட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்தால், பாதிப்பேர் மெல்லிய குரலில் மலையாளம் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் எங்கள் பக்கத்து ஆட்கள். நெய்யாற்றின்கரை, குன்னத்துகால், பெருங்கடவிளை. நாகர்கோவில் பக்கத்து ஆட்கள் இதே நோய்க்கு இதே மாதிரி ஒளிந்து திருவனந்தபுரம் போவார்கள் என்று எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்கு நேர் எதிரே, பெருங்கடவிளையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர், தெரிந்தவர், மனைவியோடு உட்கார்ந்திருந்தார். என் கணவரும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். துணி எடுக்க வந்தோம் என்று என் கணவர் சொன்னார். நாங்களும்தான் என்று அவர் சொன்னார். பிறகு நால்வரும் சுவரைப் பார்த்துக்கொண்டு, எங்கள் முறை வரும்வரை உட்கார்ந்திருந்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

டாக்டர் வயதில் சின்னவர், பொறுமைக்காரர். காரணம் இல்லாமலும் இந்த நோய் வரும், காய்ச்சல் வருவதுபோல் வரும் என்றார். என் குற்றம் அல்ல என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாத்திரை எழுதினார். பலன் தெரியச் சில வாரம் ஆகும், நன்றாகிவிட்டது என்று தோன்றினாலும் நீங்களாக நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் பழையபடி வரும், முன்னைவிட மோசமாகவும் வரலாம் என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடவேண்டும், நேரத்துக்குப் படுக்கவேண்டும், வெயிலில் கொஞ்சம் நடக்கவேண்டும். வீட்டில் யாராவது ஒருவரிடம் தினமும் மனசுவிட்டுப் பேசவேண்டும்.

அந்த யாராவது ஒருவர் யார்? பகல் முழுக்க என்னோடு இருப்பது மாமி மட்டும்தான். மாமியிடம் சொல்லக்கூடாது என்று கணவர் பஸ்ஸிலேயே என்னிடம் வாக்கு வாங்கிவிட்டார். அம்மாவுக்குத் தெரிந்தால் அத்தைக்குத் தெரியும், அத்தைக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். நாளைக்கு நம் பிள்ளைகளுக்கு ஒரு கல்யாண ஆலோசனை வரும்போது, அம்மைக்கு மண்டைக்கு வழி இல்லை, புத்தி சரியில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். மூத்தவளுக்கு வயது ஏழு. முன்பல் இரண்டு விழுந்து கிடந்தது. அவளுக்கு வரப்போகிற மாப்பிள்ளைக்காக இந்த மனிதர் அன்றைக்கே பஸ்ஸில் வியர்த்துக்கொண்டிருந்தார். சண்டை போட எனக்குத் தெம்பு இருந்திருந்தால் அவரை அங்கேயே இறக்கிவிட்டிருப்பேன்.

ஆனால் தினமும் மாத்திரை விழுங்குவதை ஒரே வீட்டில் இருக்கிற மாமியிடமிருந்து மறைக்க முடியுமா? அதற்கும் அவரே வழி கண்டுபிடித்தார். எனக்குச் சுகர் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். சுகர் என்றால் ஊரில் ஒரு வில்லங்கமும் இல்லை. கல்யாண வீட்டில் பாயசம் வரும்போது இலையைக் கையால் மறைத்து, எனக்குச் சுகர் உண்டு என்று சத்தமாகவே சொல்வார்கள். சுகரால் யார் வீட்டு ஆலோசனையும் முடங்கியது இல்லை.

மாமி அதை நம்பினார், நம்பியதோடு நிற்கவில்லை. என் மாமனாருக்கு உண்மையாகவே சுகர் இருந்தது. ஒரு நாள் காலையில் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனவர் வரப்பிலேயே தலைசுற்றி விழுந்தார், பிறகு எழவில்லை. நான் வருவதற்கு முந்தைய கதை. அதனால் மாமிக்குச் சுகர் என்றால் பயம், சுகர் மாத்திரை என்றால் அதைவிடப் பயம். காலையில் பாவைக்காய், அதாவது பாகற்காய், அரைத்த சாறு ஒரு தம்ளர் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை முன்னால் நிற்பார். என் சாயாவில் சீனி போடுவது நின்றது. மத்தியானம் எனக்கு மட்டும் கோதுமைக் கஞ்சி. நான் ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் மாத்திரையைத் தொடவிடுவார். இல்லாத ஒரு நோய்க்கு அவர் அவ்வளவு பாடுபட்டார். நான் அந்தக் கசப்பை விழுங்கிக்கொண்டு, இவரிடம் சொல்லிவிடலாமே, சொல்லிவிடலாமே என்று தினமும் நினைப்பேன். வாக்கு கொடுத்தாயிற்றே என்று வாயை மூடிக்கொள்வேன்.

மாத்திரை வேலை செய்தது. எப்படித் தெரிந்தது என்றால், ஒரு காலையில் மீன்காரி நாறிப்போன நெத்திலியைக் கூடைக்கு அடியிலிருந்து எடுத்து எங்கள் சட்டியில் போட்டாள். நான் இறங்கிப்போய் அவளைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். அவளுக்கே ஆச்சரியம். உள்ளேயிருந்து மாமி, மீன்காரியிடம் பேசத் தெரிகிறது, இந்த அடுப்படி கிடக்கிற கிடையைப் பார்க்கத் தெரியவில்லையா என்று ஒரு குரல் விட்டார். நான் திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்குக் கணவர் வந்தபோது நாங்கள் இருவரும் இரண்டு அறையில் இருந்துகொண்டு சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம். அவர் சைக்கிளைச் சாத்திவிட்டு முற்றத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

அதற்குப் பிறகுதான் வாசகசாலையில் அந்த மருத்துவ முகாம் வந்தது. எங்கள் ஊர் வாசகசாலைக்காரர்கள் புத்தகத்தோடு நிற்கமாட்டார்கள், கண் பரிசோதனை, பல் பரிசோதனை என்று வருஷத்தில் ஏதாவது நடத்துவார்கள். அந்தத் தடவை சுகர் பரிசோதனை. மாமி என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நான் எவ்வளவோ சாக்குச் சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. விரலைக் குத்திப் பார்த்த பெண், உங்களுக்குச் சுகர் இல்லவே இல்லையே என்று மலையாளத்தில் சொன்னாள். மாமி அவளை மறுபடியும் பார்க்கச் சொன்னார். மறுபடியும் இல்லை.

மாமி வீடு திரும்பிய கோலத்தைப் பார்க்கவேண்டும். வழியில் கண்ட எல்லோரிடமும் பாவைக்காய் மகிமையைச் சொல்லிக்கொண்டு வந்தார். வந்ததும் நேரே அலமாரியைத் திறந்து, என் மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்து, ஒன்று விடாமல் பிதுக்கித் தென்னை மூட்டில், வேரடியில் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டார். உடம்பில் சுகர் இல்லாத நேரத்தில் சுகர் மாத்திரை தின்றால் தலைசுற்றி விழும் என்பது அவருக்குப் படித்துத் தெரிந்த விஷயம் அல்ல, கட்டிய புருஷனை வரப்பிலிருந்து தூக்கித் தெரிந்த விஷயம். என் தலையைத் தடவி, இனி நீ பேடிக்கவேண்டாம், பயப்பட ஒன்றும் இல்லை என்று சொன்னார். அன்றைக்கு எனக்குச் சீனி போட்ட சாயா கிடைத்தது. வாக்கு கொடுத்திருந்ததால், கணவர் வந்து சொல்லட்டும் என்று அதைக் குடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

சாயங்காலம் கணவர் வந்தார். மாமி சந்தோஷமாகச் சொன்னதை நின்று கேட்டார். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "செரி அம்மா" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார். அறைக்குள் வந்ததும் என்னிடம், இப்போதைக்கு இருக்கட்டும், கொஞ்ச நாள் கழித்து வேறு ஏதாவது பெயர் சொல்லி வாங்கிக்கொள்ளலாம், நீயும் நன்றாகத்தானே இருக்கிறாய் என்றார். எனக்கும் அப்போது நன்றாகத்தான் இருந்தது. வாரம் ஒன்று ஒன்றாகப் போயிற்று. வேறு பெயர் அவருக்குக் கிடைக்கவில்லை.

துலாம் மாத மழை, ஐப்பசி மழைதான், தொடங்கியபோது அது திரும்பி வந்தது. இந்தத் தடவை தட்டாமல் நேரே உள்ளே வந்துவிட்டது. விடியும் முன் விழிப்பு, நெஞ்சில் கனம், கை எழும்பாமை. முன்பு இல்லாத ஒன்றும் சேர்ந்து வந்தது. நான் போய்விட்டால் பிள்ளைகள் நன்றாக இருப்பார்கள் என்பது எனக்கு ஒரு சந்தேகமாக இல்லை, சர்வ நிச்சயமாகத் தோன்றியது. நாளை மழை பெய்யும் என்பதுபோல் அதை நான் நம்பினேன். அந்த நோயின் பொய்யிலேயே பெரிய பொய் அதுதான். அது நம் சொந்தப் புத்தியின் குரலிலேயே பேசும். கணவரிடம் திங்கள்கிழமை டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். ஆபீஸில் லீவு இல்லை, அடுத்த வாரம் என்றார். மாமி என்னை லேபுக்குக் கூட்டிப்போய் மறுபடியும் சுகர் பார்த்தார். இல்லை. கண்ணேறு என்று நினைத்து மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். யாருக்கும் இருமல்கூட வரவில்லை, கண்ணேறுதான் என்றார், ஆனால் அதைக் கழித்தும் என் நிலை மாறவில்லை. அவர் அதன்பிறகு என்னைச் சும்மா பார்த்துக்கொண்டே இருக்க ஆரம்பித்தார்.

ஒரு மத்தியானம் இளையவளைக் கூப்பிட அங்கன்வாடிக்குக் கிளம்பினேன். வழியில் நெய்யாற்று அணைத் தண்ணீர் போகிற வாய்க்கால் உண்டு, நாங்கள் சானல் என்று சொல்வோம். மழையில் அது கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கரைவரை போனேன். அதற்கு மேல் ஏன் போகவேண்டும் என்று தெரியவில்லை, உட்கார்ந்துவிட்டேன். மழை வந்தது. எழுந்திருக்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை காத்திருக்கும் என்பது எங்கேயோ தூரத்தில் இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. குடை ஒன்று என் தலைக்கு மேலே வந்தது. மாமி. இடுப்பில் என் இளைய மகள், அழுது ஓய்ந்த முகத்தோடு. நான் திரும்பாததால் மாமி அங்கன்வாடிவரை போய்ப் பிள்ளையை எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்திருக்கிறார். என்னைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது. அவர் சத்தம் போடவில்லை. என் கைத்தண்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் சகதியிலேயே பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன மக்கா உனக்கு?" என்று கேட்டார்.

வாக்காவது மண்ணாவது. "மாமி, அது சுகருக்கு உள்ள குளிகை இல்ல. எனக்க மனசுக்கு உள்ளதாக்கும்" என்று சொல்லிவிட்டேன். பிறகு துணி எடுக்கப் போனது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். வார்த்தை வரிசையாக வரவில்லை, அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் சொன்னபோது, அவர் பிடி தளர்ந்தது. குடை சரிந்து மூன்று பேரும் நனைந்தோம்.

"அப்போ நானாக்கும் உன்ன இஞ்ச கொண்டு இருத்தினது" என்றார். வீடு வந்து சேரும்வரை என் கையை விடவே இல்லை. புருஷனுக்கு நேர்ந்தது மருமகளுக்கு நேரக்கூடாது என்று அன்பாகச் செய்த காரியம், அதே இடத்துக்குத் தன்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டதை அவர் அந்த வழி முழுக்க நினைத்துக்கொண்டு நடந்திருக்கவேண்டும். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பாவம் என்று இருந்தது.

கணவர் அன்றைக்கு சைக்கிளை விட்டு இறங்கும் முன்பே மாமி வாசலுக்கு வந்து சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று கணவர் கையைக் காட்டினார். கேட்கட்டும் என்றார் மாமி. கணவர் தலையைக் குனிந்துகொண்டு, பிள்ளைகளுக்காகத்தான் அம்மா, நாளைக்கு ஆலோசனை வரும்போது ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று ஆரம்பித்தார்.

"எலே, பிள்ளையளுக்கு மாப்பிளைய பொறவு தேடலாம். அம்மைய எங்க போயித் தேடுவ?"

மாமி இதைக் கத்திச் சொல்லவில்லை. உண்மையாகவே பதில் வேண்டும் என்பதுபோல் கேட்டார். என் கணவர் அங்கேயே படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் அழுது நான் முதலில் பார்த்தது அன்றுதான். எனக்கு ஒன்று ஆகிவிடும் என்ற பயத்தில்தான் அவரும் இத்தனை நாள் செத்துச் செத்து ரயில் ஏறிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதைச் சொல்ல அவருக்கும் ஓர் ஆள் இருக்கவில்லை.

மறுநாள் லீவும் இல்லை, ஒன்றும் இல்லை. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மூன்று பேரும் கிளம்பினோம். பக்கத்து வீட்டுக்காரி எங்கே என்று கேட்டாள். இவளுக்கு மனசுக்குச் சுகமில்லை, டாக்டரிடம் போகிறோம் என்று மாமி சொன்னார். அவள் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. அதன்பிறகு கொஞ்ச நாள் அவள் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. வேறு சிலரும் வரவில்லை. பயந்தது முழுக்கப் பொய்யில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

டாக்டர் என்னைப் பார்த்ததுமே, மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். நானோ கணவரோ வாய் திறக்கும் முன் மாமி முந்திக்கொண்டார்.

"நானாக்கும் எடுத்துக் களஞ்சேன். எனக்கு ஆரும் சொல்லல்ல."

டாக்டர் என் கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார். டாக்டர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. புதிதாக எழுதிக்கொடுத்தார். இந்த நிலையில் கொஞ்ச காலத்துக்கு இவரைத் தனியே விடாதீர்கள் என்றார். பிறகு மாமியிடம், இனி மாத்திரையை நீங்களே வைத்திருந்து கொடுக்கிறீர்களா அம்மா என்று கேட்டார். கணவர் அவசரமாகத் தலையாட்டினார். மாமி தலையாட்டவில்லை. என் பக்கம் திரும்பி, "உனக்கு சம்மதமா மக்கா?" என்று கேட்டார்.

எந்த ஊருக்குப் போவது, யாரிடம் மறைப்பது, என் நோய்க்கு என்ன பெயர் வைப்பது என்று அதுவரை எல்லாவற்றையும் யாராவது தீர்மானித்துக்கொண்டே இருந்தார்கள். என்னிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. இப்போது நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், தெளிந்த பிறகு நானே வைத்துக்கொள்கிறேன், அப்போது தின்றேனா என்று மட்டும் கேளுங்கள் என்று சொன்னேன்.

பங்குனி வெயில் வரும்போது நான் தெளிந்திருந்தேன். மாத்திரை என் கைக்கு வந்தது. மாமி சொன்ன சொல் தவறாமல், தின்றாயா என்று கேட்டார். முற்றத்தில் நின்று கேட்டார், பஸ்ஸில் கேட்டார், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டார். பல வருஷம் கழித்து என் மூத்த மகளைப் பெண்பார்க்க வந்தவர்கள் சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது, உள்ளேயிருந்து நன்றாகக் கேட்கிற குரலில் கேட்டார்: "மக்கா, மனசுக்கு உள்ள குளிகை திண்ணியா?"

திண்ணேன் மாமி என்று நானும் அதே சத்தத்தில் சொன்னேன்.